பின்சீட்டுக்காரி

முன்சக்கரம் முதன்முதலாகத் தரையை விட்டு எழும்பியதற்குக் காரணம் ஒரு செருப்பு.

அதற்கு முன்னால் அதைத் தூக்க அக்கா என்னென்னவோ செய்து பார்த்துவிட்டாள். வாரமெல்லாம் கூரியர் பார்சல்களைச் சுமந்துகொண்டு தெருத்தெருவாக அலைகிற அதே பைக்தான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் அதை மொத்தக் காய்கறிச் சந்தையின் சிமெண்ட் முற்றத்துக்கு ஓட்டி வந்துவிடுவாள். அன்றைக்கு ஏலமும் கிடையாது, லாரியும் கிடையாது. நசுங்கிய தக்காளியும் முட்டைக்கோஸ் இலையும்தான் அங்கங்கே கிடக்கும். முதல் கியர் போடு, கிளட்சைப் பிடி, ஆக்சிலேட்டரை முறுக்கு, கிளட்சைச் சட்டென்று விடு. பாடமெல்லாம் அக்காவுக்குத் தலைகீழாகத் தெரியும். வண்டிக்குத்தான் ஏறவில்லை. உறுமும், முன்பக்கம் கொஞ்சம் நெளியும், அப்புறம் நல்ல பிள்ளையாக நேரே ஓடும்.

அன்று அக்கா தங்கையையும் ஏற்றிக்கொண்டிருந்தாள். தங்கை மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள், பூசினாற்போல் உடம்பு. பூசினாற்போல் என்பது நாம் மரியாதைக்குச் சொல்வது. அக்கா அவளைப் பூசணி என்றுதான் கூப்பிடுவாள். அக்காவோ காற்றடித்தால் கொடியில் காயப் போட்ட துணிபோல் ஆடுகிற ஆள். பூசணிக்குக் காலில் செருப்பு நழுவியது. அதை விரலால் இடுக்கிப் பிடிக்க அவள் காலைத் தூக்கிக்கொண்டு பின்னால் சாயவும், அக்கா கிளட்சை விடவும் சரியாக இருந்தது.

முன்சக்கரம் எழும்பியது. இடுப்பளவுகூட இருக்காது. ஆனால் எழும்பியது. திரும்பத் தொப்பென்று விழுந்ததும் அக்கா வண்டியை நிறுத்தித் திரும்பினாள்.

"என்னடி பண்ணினே?" என்றாள் அக்கா.

"செருப்பு கழண்டுச்சுக்கா."

"மறுபடி கழட்டு."

அப்படி ஆரம்பித்தது. பின்னால் கனம் இருந்து, அந்தக் கனம் சரியான நேரத்தில் சாய்ந்தால் வண்டி எழும்பும் என்பதை அந்த ஒரே மாலையில் கற்றுக்கொண்டார்கள். ரொம்பவும் எழும்பினால் வலது காலால் பின் பிரேக்கைத் தொட வேண்டும், சக்கரம் தானாக இறங்கிவிடும் என்பதைக் கற்றுக்கொள்ள இன்னும் சில வாரமும், அக்காவின் முழங்கைத் தோலும் செலவாயின. மழைக்காலம் வருவதற்குள் அக்கா முற்றத்தின் இந்தக் கோடியில் தூக்கிய சக்கரத்தை அந்தக் கோடியில் இறக்கினாள்.

சந்தைக் காவலாளி நாற்காலியை நிழலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு பார்ப்பார். முதலில் விரட்டத்தான் வந்தார். பிறகு அவரும் ரசிகராகிவிட்டார். சுமை தூக்குகிறவர்கள் சிலரும் வருவார்கள். "கூரியர் பொண்ணுக்குக் கை பேசுதுப்பா" என்பார்கள். பின்னால் இருந்தவளைப் பற்றி ஒரு பேச்சு கிடையாது. ஒரே ஒரு தடவை காவலாளி பேசினார்: "பின்னாடி மூட்டை கட்டியிருக்கறதால பொண்ணுக்கு வசதி." மூட்டையும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தது.

பின்சீட்டில் இருப்பவளுக்கு என்ன தெரியும்? அக்காவின் முதுகு தெரியும். சக்கரம் எழும்பினால் அதுவும் போய் ஆகாயம் தெரியும். சாய வேண்டும் என்பதால் அக்காவைக் கட்டிப் பிடித்துக்கொள்ளவும் முடியாது. இரண்டு கையாலும் பின்னாலிருக்கும் கேரியர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தரை எங்கே என்று தெரியாமல் சாய்ந்து கிடக்க வேண்டும். அது எப்படி இருந்தது என்று அவளை யாரும் கேட்கவில்லை. அவளாகவும் சொல்லவில்லை. ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமைகளைப் போல் நல்ல நாட்கள் தன் ஆயுளில் அதிகம் வந்ததில்லை என்று அவள் இன்றைக்கும் சொல்வாள். பெட்ரோல் வாசனையும் வாடிய கொத்தமல்லி வாசனையும் கலந்து வந்தால் போதும், கடையில் கண்ணாடி துடைத்துக்கொண்டிருக்கும் கை அப்படியே நின்றுவிடும்.

அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்கு வேறு ஊர். தட்டுமுட்டுச் சாமான்களோடு பைக்கும் லாரியில் போகும் என்று முடிவானது. வீடே கல்யாண வேலையில் பம்பரமாகச் சுற்றிக்கொண்டிருக்க, தங்கைக்கு மட்டும் மனசுக்குள் ஒரே அரிப்பு. வண்டி போய்விடும். அக்காவும் போய்விடுவாள். இத்தனை நாள் உட்கார்ந்ததற்கு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தன் கையால் அந்தச் சக்கரம் எழும்ப வேண்டும். இல்லாவிட்டால் காலத்துக்கும் மூட்டைதான்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு வந்ததும் கேட்டுவிட்டாள்.

"அக்கா, இன்னிக்கு நான் முன்னாடி உக்காரட்டுமா? நீ பின்னாடி வா."

அக்கா ஹெல்மெட் வாரை இழுத்து இழுத்துச் சரிசெய்தாள். "நான் எதுக்கு? நான் நிக்கிறேன். நின்னாத்தான் தப்பு என்னன்னு சொல்ல முடியும். நீ தனியாவே பண்ணு, பூசணி."

தங்கைக்கு வண்டி ஓட்டத் தெரியும், ஆனால் தனியாகச் சக்கரம் எழும்பவில்லை. வண்டி பழைய நல்ல பிள்ளையாக நேரே ஓடியது. அக்கா ஓரத்திலிருந்து கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டாள். பின்னால் கனம் வேண்டும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். கனத்துக்கு ஆள்தான் வேண்டுமா என்ன என்று அக்கா ஒரு யோசனை சொன்னாள். காவலாளியைக் கெஞ்சி எடைக்கூடத்திலிருந்து இரும்பு எடைக்கற்களை வாங்கி, கூரியர் பைக்குள் போட்டு, பின்சீட்டில் கயிற்றால் கட்டினார்கள். இந்தத் தடவை சக்கரம் ஒரு சாண் எழும்பத்தான் செய்தது. ஆனால் கயிறு இளகிப் பை ஒரு பக்கம் சரிய, வண்டியும் அந்தப் பக்கமே சரிந்து படுத்தது. தங்கைக்குக் கணுக்காலில் சிராய்ப்பு. எடைக்கல் ஒன்று உருண்டு போய் வாய்க்காலில் விழுந்தது.

காவலாளி நாற்காலியை விட்டு எழுந்தே வந்துவிட்டார்.

"கல்லுக்கு அறிவிருக்கா? வண்டி எந்தப் பக்கம் சாயுதுன்னு அதுக்குத் தெரியுமா? ஆள் உக்காரணும்மா. இத்தனை நாளா இந்தப் பொண்ணு சும்மா உக்காந்திருந்துச்சுன்னா நினைச்சீங்க?" என்று சொல்லிவிட்டு, மூட்டை என்று சொன்ன ஆள் தான்தான் என்பது நினைவுக்கு வந்ததோ என்னவோ, கல்லைத் தேடி வாய்க்கால் பக்கம் போய்விட்டார்.

தங்கை வண்டியை நிமிர்த்தி ஏறி உட்கார்ந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"அக்கா, உக்காரு."

"கால்ல ரத்தம் வருது பாரு. போதும், வீட்டுக்குப் போலாம்."

"நாளைக்கு லாரி வந்துடும். உக்காரேன்."

அக்கா பின்சீட்டில் ஏறினாள். யோசித்துப் பார்த்தால், அந்த வண்டியை வாங்கிய நாளிலிருந்து அவள் அந்த இடத்தில் உட்கார்ந்ததே இல்லை. ஒல்லி உடம்பு என்பதால் சாதாரணமாகச் சாய்ந்தால் போதாது. "இன்னும் பின்னாடி போ. கேரியர் மேலயே உக்காரு. கம்பியைப் பிடிச்சுக்கோ. நான் கிளட்சை விடறப்போ மல்லாந்துரு" என்று தங்கை அடுக்கிக்கொண்டே போனாள். அந்த இடத்தைப் பற்றி அவளைவிடத் தெரிந்தவர் யார் இருக்கிறார்கள்?

முறுக்கினாள். விட்டாள்.

கைப்பிடி நெஞ்சுக்கு நேரே எழும்பி வந்தது. ஹெட்லைட் ஆகாயத்தைப் பார்த்தது. வலது கால் பிரேக்கின் மேல் தயாராக இருந்தது, அதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. முற்றத்தின் பாதி தூரம் போயிருப்பாள். அக்கா கொண்டு போன தூரம் இல்லை. ஆனால் போனாள், தன் கையால். பின்னாலிருந்து ஓர் அலறல் கேட்டது. உற்சாகம் என்று நினைத்து அவளும் கூடச் சேர்ந்து கத்தினாள். பிரேக்கைத் தொட்டதும் சக்கரம் மெத்தென்று இறங்கியது.

வண்டியை நிறுத்திவிட்டுச் சிரித்துக்கொண்டே திரும்பினால், அக்கா கேரியர் கம்பியை விடவே இல்லை. முகத்தில் ரத்தமில்லை.

"இறக்கி விடுடி" என்றாள், ஏற்கெனவே நின்றுவிட்ட வண்டியில் உட்கார்ந்துகொண்டு.

விரல்களை ஒவ்வொன்றாகத்தான் பிரிக்க வேண்டியிருந்தது. இறங்கியதும் அக்கா அந்தச் சிமெண்ட் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"இப்படித்தான் இருக்குமா?"

"ஆமா."

"ஒவ்வொரு தடவையும்?"

"ஆமாக்கா."

"உனக்குப் பயமா இருந்துச்சா?"

தங்கை கணுக்காலைத் துடைத்துக்கொண்டாள். "பயமாத்தான் இருந்துச்சு. பழகலை."

"அடிப்பாவி, சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா நீ தூக்கியிருப்பியா?"

நிச்சயதார்த்தத்தில்கூடக் கண் கலங்காத அக்கா, அழுகிய தக்காளி நடுவில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். தங்கை என்ன செய்வதென்று தெரியாமல் முதலில் விழித்துக்கொண்டு நின்றாள். பிறகு அவளும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். சும்மா சொல்லக்கூடாது, இரண்டும் நன்றாகவே அழுதன. காவலாளி கல்லோடு திரும்பி வந்தவர், அடிபட்டுவிட்டதோ என்று பதறிப் போனார்.

மறுநாள் லாரி வந்தது, பைக் போனது. கல்யாணம் முடிந்து அக்காவும் போனாள். புது வீட்டில் வண்டி கொஞ்ச நாள் நின்றது, பிறகு கைமாறியது. தங்கை வேலை பார்த்த கடையையே பிற்பாடு எடுத்து நடத்தினாள், தனக்கென்று ஒரு குடும்பமும் ஆயிற்று. அந்தக் கடைசி ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேசிக்கொண்டதே இல்லை. வெட்கமா, பேச நேரமில்லையா, யாருக்குத் தெரியும்?

இதெல்லாம் நடந்து வருஷக்கணக்காகிவிட்டது. போன விடுமுறைக்குத் தங்கை அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். அக்காவின் மகள் கல்லூரியில் படிக்கிறவள், வாய் ஓயாதவள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது திடீரென்று கேட்டாள்.

"சித்தி, நீங்க சின்ன வயசுல பெரிய வீலிங் ஆளாமே! இந்தக் கோடியில தூக்கினா அந்தக் கோடியிலதான் இறக்குவீங்களாம். அம்மா சொல்லிச் சொல்லி எங்களுக்கு மனப்பாடம்."

தங்கை எடுத்த கவளத்தைத் தட்டிலேயே போட்டாள். "நானா? உங்க அம்மா எங்க இருந்தாளாம்?"

"பின்சீட்ல. உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்களாம்."

தங்கை அக்காவைப் பார்த்தாள். அக்கா குனிந்து, காலியாகாத தட்டில் இன்னும் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை. அது பொய், தான் ஓட்டியது ஒரே ஒரு நாள்தான் என்று சொல்லத் தங்கைக்கு நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை.

"ஆமாண்டி, உங்க அம்மா பின்னாடி இருந்ததாலதான் அது எழும்பவே எழும்பிச்சு" என்றாள்.

"போடி பூசணி, சாப்பிடு" என்றாள் அக்கா.