வடக்குச் சுவரில் ஒரு ஹீட் பம்ப்

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், நியூசிலாந்தின் தென்தீவில், குளிருக்கே குளிரெடுக்கும் மேனியடோட்டோ சமவெளியில், எங்கள் ஊர்ப் பெரிய மனிதர் திருவாளர் மர்டோ ஹாகர்ட் அவர்கள் ஹீட் பம்ப் வாங்கத் திருவுளம் கொண்டுவிட்டார்.

அறிவிப்பு கர்லிங் கழகத்தின் ஆண்டுக் கூட்டத்தில் வெளியானது. உறைந்த அணைக்கட்டின்மேல் கருங்கல்லை வழுக்கவிட்டு விளையாடும் அந்தக் கழகத்துக்கு மர்டோதான் தலைவர். சீஸ் ரோல் வந்து எல்லார் வாயும் அடைபட்டிருக்கும் நேரமாகப் பார்த்து எழுந்தார்.

"எங்க பாட்டன் காலத்துலேருந்து எங்க வீட்டுப் புகைக்கூண்டுல குளிர்காலத்துல புகை நின்னதில்ல. இந்த வருஷம் நிக்கப் போகுது. தீர யோசிச்சு எடுத்த முடிவு."

தீர யோசித்தவர் உண்மையில் டாக்டர். மர்டோவின் மனைவி நொயலீனுக்கு இருமி இருமி நெஞ்சு கெட்டுப்போயிருந்தது. இன்னொரு குளிர்காலம் விறகுப் புகையில் இருக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வடக்கே, வெயில் காயும் நெல்சனில் மகள் ஓர் அறையைத் தயாராக வைத்திருந்தாள். "குளிர் முடியிற வரைக்கும் இருந்துட்டு வந்துடறேன்" என்றார் நொயலீன். மர்டோ வீட்டுத் தெருவிலேயே முன்பு இரண்டு பெண்கள் அதே வார்த்தையைச் சொல்லிவிட்டு வடக்கே போனார்கள். இருவர் வீடும் இப்போது சுற்றுலாக்காரர்களின் வாடகை வீடு. இதை நினைத்தால் மர்டோவுக்குப் பயம்தான். ஆனால் பயந்தால் வாய்விட்டுச் சொல்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. சொற்பொழிவாற்றுகிற பழக்கம்தான் உண்டு.

ஹீட் பம்ப் என்பது ஒன்றுமில்லை, ஏசியைத் திருப்பிப் போட்டதுதான். வெளியே ஒரு பெட்டி, உள்ளே ஒரு பெட்டி. எவ்வளவு குளிர்ந்த காற்றிலும் கொஞ்சம் சூடு ஒட்டிக்கொண்டிருக்கும். வெளிப்பெட்டி அதைப் பிழிந்தெடுத்து உள்ளே அனுப்பும். கருமியிடம் நன்கொடை வசூலிப்பதைப் போன்ற வேலை. செய்து காட்டுகிறது என்பதுதான் ஆச்சரியம்.

மர்டோ அச்சடித்த விளம்பரப் புத்தகங்களைச் சாப்பாட்டு மேசை மேல் பரப்பி, இருப்பதிலேயே பெரிய எண் போட்டிருந்த, இருப்பதிலேயே பளபளப்பான பம்ப்பைத் தேர்ந்தெடுத்தார்.

"எட்டு கிலோவாட், நொயலீன்! எட்டு!"

நொயலீன் கண்ணாடியை மூக்கில் தள்ளிவிட்டு அந்த எண்ணுக்கு அடியில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தார். "வெளிய ஏழு டிகிரி இருக்கும்போது எட்டாம். ஏழு டிகிரில நான் துணி காயப்போடுவேன் மர்டோ. ஹீட்டர் போடமாட்டேன்."

"பெரிசு வாங்கினா எப்பவும் பெரிசுதான்."

"உன்னைக் கட்டிக்கிட்டப்ப நானும் அப்படித்தான் நெனச்சேன்."

வெளிப்பெட்டியை எங்கே வைப்பது என்பதிலும் மர்டோவுக்குச் சந்தேகமில்லை. வீட்டுக்குப் பின்னால், தெற்குச் சுவரோரம், தரையில், மரச் சட்டக் கூண்டுக்குள், யார் கண்ணிலும் படாமல். பூமியின் தென்பாதி என்பதால் வெயில் விழும் வடக்குச் சுவரைத் தொடக்கூட முடியாது. அங்கேதான் அவருடைய விறகு அட்டி இருந்தது. கேலி பேசியே வயிறு வளர்ப்பவர்கள்கூட அந்த அட்டிக்கு முன்னால் தொப்பியைக் கழற்றவேண்டும். ஜன்னல் உயரத்துக்கு, தூக்குநூல் பிடித்த மாதிரி நேராக, பைன் மரமும் மேக்ரோகார்ப்பா மரமும் நிறம் மாறி மாறி அடுக்கியிருக்கும். ஒரு கட்டைகூடத் துருத்தாது. காரில் போகிறவர்கள் இறங்கிப் படமெடுத்துக்கொண்டு போவார்கள். அப்போதெல்லாம் மர்டோ தற்செயலாக வாசலுக்கு வருவார்.

எங்கள் ஊரில் குளிர்காலம் தொடங்கும் ஜூன் மாதம் மூடுபனியோடு உறைபனி இறங்கியது. முள்கம்பியெல்லாம் வெள்ளை மயிர் முளைத்து நின்றது. மைனஸ் பத்து. காலையில் நொயலீன் டிரெஸ்ஸிங் கவுனுக்கு மேலே மர்டோவின் கம்பளிக் கோட்டைப் போட்டு, வாயை மஃப்ளரால் சுற்றி, ரப்பர் பூட்ஸில் காலை நுழைத்தார்.

"எங்க கிளம்பிட்ட?"

"பம்ப் பாக்க."

"கடை அலெக்சாண்ட்ராவுல இருக்கு. ஒரு மணி நேரம் கார்ல போவணும்."

"கடையில சும்மா இருக்கற பம்ப்தான் இருக்கும். நான் வேலை செய்யற பம்ப்பைப் பாக்கணும். இன்னிக்கு மாதிரி நாளு அப்புறம் எப்ப கிடைக்கும்?"

இதைச் சொல்ல நொயலீனுக்குத் தகுதி உண்டு. அணைக்கட்டு உறைந்ததும் பனியின்மேல் துடைப்பக் கட்டையால் தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்டு, "தாங்கும்" என்றோ "தாங்காது" என்றோ சொல்வது அவர்தான். அவர் வாயைத் திறக்கும்வரை எந்த ஆம்பிளையும் கல்லைத் தூக்கியதில்லை. தலைவர் உட்பட.

மர்டோ பின்னாலேயே ஓடினார். மனைவி டிரெஸ்ஸிங் கவுனில் தெருவில் போவதை ஊர் பார்க்கிறதே என்பது ஒரு கவலை. அந்த இருமல் இன்னொரு கவலை. முதல் கவலையைத்தான் சத்தமாகச் சொன்னார்.

முதலில் கிளாரி டாஸ்வில் வீடு. கழகத்தின் பொருளாளரான கிளாரி தன் வெளிப்பெட்டிக்குக் குட்டி வீடே கட்டியிருந்தார். கூரை, வெள்ளைச் சட்டங்கள், சின்னக் கதவு. உள்ளே எட்டிப் பார்த்தால் பெட்டி இல்லை. பெட்டி வடிவத்தில் ஒரு பனிக்கட்டி இருந்தது. காற்றுக்கு வழியில்லாமல், தான் துப்பிய குளிரையே திரும்பத் திரும்ப மூச்சிழுத்து உறைந்திருந்தது. சொட்டிய தண்ணீர் தரையில் கெட்டியாகி விசிறிவரைக்கும் ஏறியிருந்தது.

கிளாரி குல்லாயும் கையுறையுமாகத் தன் வீட்டுக்குள்ளிருந்தே வந்தார். "அது ஓய்வெடுக்குது."

"எப்பலேருந்து?" என்றார் நொயலீன்.

"செவ்வாய்க்கெழமைலேருந்து. ஆனா பாக்க அழகா இருக்குல்ல?"

"சவப்பெட்டியும் அழகாத்தான் இருக்கும் கிளாரி. போய் அடுப்பைப் பத்தவை."

அடுத்தது பால்பண்ணையில் வேலை செய்யும் மரிசெல் வீடு. பிலிப்பீன்ஸிலிருந்து வந்தவர். அவர் வீட்டு வெளிப்பெட்டி வாசற்கதவுக்குப் பக்கத்திலேயே, வடக்குச் சுவரில், ஆள் உயர இரும்புத் தாங்கியின்மேல், அம்மணமாக நின்றது. வீட்டின் நெற்றியில் பரு என்று ஊரே சிரித்தது. அந்த வாக்கியத்தின் ஆசிரியர் மர்டோ.

விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நின்றது. மர்டோவின் முகம் மலர்ந்தது. "பாத்தியா? இதுவும் செத்துச்சு."

நொயலீன் விரலை உயர்த்தினார். அணைக்கட்டில் நிற்கிற அதே நிற்பு. தலை அதே சாய்வு. பெட்டிக்குள் ஏதோ பெருமூச்சு விட்டது. கம்பிகளிலிருந்து ஆவி கிளம்பியது. படிந்திருந்த பனி உருகி, எந்தத் தடையும் இல்லாமல் கீழே கூழாங்கல்லில் கொட்டியது. குளித்துவிட்டு உதறிக்கொள்கிற நாயைப்போல் பெட்டி ஒருமுறை நடுங்கி, மறுபடி சுற்ற ஆரம்பித்தது.

"தாங்கும்" என்றார் நொயலீன்.

கதவு திறந்தது. மரிசெல் டி-ஷர்ட்டில், வெறுங்காலில் நின்றார். "உள்ள வாங்க ஆன்ட்டி, சூடு வெளிய போகுது. அங்கிள், நீங்களும்தான். பரு கடிக்காது."

மர்டோ இருமுவதுபோல் பாவனை செய்தார். அந்த வீட்டில் நொயலீன் இருமவே இல்லை என்பதைக் கவனிக்காமலிருக்க அவரால் முடியவில்லை.

"எப்படிம்மா இதைத் தேர்ந்தெடுத்தே?" என்று நொயலீன் கேட்டார்.

"எனக்குக் குளிர்னா உயிர் போயிடும் ஆன்ட்டி. அதனால எல்லாக் கடையிலயும் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். 'மைனஸ் பத்துல எவ்வளவு சூடு தரும்?' மத்தவனெல்லாம் கலரைப் பத்திப் பேசினான். ஒருத்தன் மட்டும் பதில் சொன்னான். சின்ன எண்ணுதான். ஆனா மைனஸ் பத்துலயும் அதே எண்ணு."

திரும்பி வந்து இருவரும் தங்கள் வடக்குச் சுவருக்கு முன்னால் நின்றார்கள். அட்டியின்மேல் பனிப்பூ பூத்து, அது கோயில் மாதிரி இருந்தது.

"இங்கயா?" என்றார் மர்டோ.

"இங்கதான் வெயிலும் காத்தும் இருக்கு." நொயலீன் மூச்சு வாங்கினார். "ஆனா இது உன் அட்டி. இருக்கட்டும், தப்பில்ல. நான் நெல்சன் போய்ட்டு வந்துடறேன்."

அதில் குத்தல் எதுவும் இல்லை. அதுதான் மர்டோவைக் குலைத்தது.

சனிக்கிழமை காலை மர்டோ ஹாகர்ட் தன் அட்டியைக் கலைத்தார். யாரையும் கூப்பிடவில்லை, சொற்பொழிவும் ஆற்றவில்லை. ஒவ்வொரு கட்டையாக எடுத்துத் தள்ளுவண்டியில் வைத்து, தெரு முழுக்கப் பார்க்க, குளிரில் விறைத்துக்கிடந்த கிளாரி வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார். வழியில் நின்றவர்கள் நக்கலடிக்க வாயைத் திறந்துவிட்டு, அவர் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார்கள். எங்கள் ஊரில் இது சாதாரண மரியாதை இல்லை.

அடுத்த வாரம் பம்ப் வந்தது. சின்ன எண். உயரமான தாங்கி. நெற்றியில் பரு.

ஞாயிற்றுக்கிழமை பகலில் பாதி ஊர் அதைப் பார்க்க வந்தது. வெளியே உறைபனி, உள்ளே எல்லாரும் ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்திருந்தார்கள். மர்டோ உள்பெட்டிக்குக் கீழே நின்று, மரிசெல்லையும் வைத்துக்கொண்டே, "நான் எல்லாக் கடையிலயும் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன்..." என்று ஆரம்பித்தார். மரிசெல் சீஸ் ரோலால் வாயை அடைத்துக்கொண்டார்.

மர்டோ பேசி முடிப்பதற்குள் நொயலீன் நாற்காலியிலேயே தூங்கிப்போனார். இருமவில்லை.