அறுபத்து நான்கில் ஒரு தலையசைப்பு

திரையில் நாகையாவின் தலை இடது பக்கம் சாய்ந்தபடி நின்றுவிட்டது. சற்றுப் பொறுத்துப் பார்த்தால் வலது பக்கம் இருந்தது. இடையில் அது எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதைத் திரை காட்டவில்லை. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் தலைமை அலுவலகத்தின் மூன்றாம் மாடியில், நீள மேசைக்குப் பின்னால் இருந்த பணியாளர் நிர்வாக அதிகாரி லிம், பக்கத்தில் இருந்த பெண் அதிகாரி புவான் ரொஹானாவிடம், "போக மாட்டேன் என்கிறார்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் பேனாவின் மூடியைத் திருகினார்.

சுவரோரச் சின்ன மேசையில் கணினியோடு உட்கார்ந்து வீடியோ இணைப்பைக் கவனித்துக்கொண்டிருந்த கெர்ட்ரூட் திரையையே பார்த்தாள். நாகையா மறுக்கவில்லை. செந்தூல் ரயில்வே குவாட்டர்ஸில் வளர்ந்தவளுக்கு அது தெரியும். அது சரி என்று ஆடுகிற தலை. ஆட்டத்தை எடுத்துவிட்டு இரண்டு ஓரங்களை மட்டும் காட்டினால் அதுவே மறுப்பாகிவிடுகிறது. ஆட்டத்தை எடுத்தது அவள்தான்.

மேருவில் நாகையா வேலை பார்க்கும் கையுறைத் தொழிற்சாலையில் ஒரு பாய்லரை நிறுத்தப் போகிறார்கள். ரிங்கிட்டின் மதிப்பு விழுந்த வருஷம். எங்கும் இதே பேச்சுதான். பாய்லர் ஆட்களில் ஜொகூர் ஆலைக்குப் போகச் சம்மதிப்பவர்களுக்கு வேலை உண்டு. மற்றவர்களுக்கு மாதக் கடைசியோடு சரி. போன வாரம் இதைச் சொல்ல நேரில் போனவரைச் சூழ்ந்துகொண்டு சத்தம் போட்டார்கள் என்பதால், இந்த முறை வீடியோவில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்கிறார்கள்.

கோலாலம்பூருக்கும் மேருவுக்கும் நடுவில் இருப்பது வாடகைக்கு எடுத்த ஒரே கணினி லைன். வீடியோவும் அதில்தான் போக வேண்டும், கிடங்கில் லோரிக்காரர்கள் காத்திருக்கும் டெலிவரி ஆர்டரும் அதில்தான் போக வேண்டும். அவள் படிக்கும் மாலை வகுப்பில் இந்தப் பாடம் நடந்தபோது அவளுக்குக் குவாட்டர்ஸ் குழாய்தான் நினைவுக்கு வந்தது. முன்வீட்டில் திறந்தால் பின்வீட்டில் சொட்டும். சென்ற வியாழன் வேறொரு கூட்டத்துக்காக ஓடிய வீடியோ முழுக் குழாயையும் குடித்துவிட்டது. ஆர்டர்கள் அச்சாகவில்லை. கிள்ளான் துறைமுகத்தில் ஒரு கப்பல் இவர்களுடைய சரக்குப் பெட்டியை ஏற்றாமலே போய்விட்டது. "ராத்திரி கிளாஸ்ல படிச்சுட்டு வந்து என் லைன்லயா பரீட்சை எழுதற?" என்று அவள் மேலாளர் பாலசுந்தரம் எல்லோர் முன்னாலும் கேட்டார். அதனால் இன்று காலை வீடியோவுக்கு நொடிக்கு அறுபத்து நான்கு கிலோபிட்டுக்கு மேல் போகாதபடி பூட்டுப் போட்டாள். சரியாகப் போட்டோமா என்று பலமுறை பார்த்தாள். குரல் தெளிவாக வந்தது. படம் மட்டும் வெட்டி வெட்டி நகர்ந்தது. பேசத்தானே கூப்பிடுகிறார்கள், படம் எதற்கு என்று நினைத்திருந்தாள். பெரியவர்கள் கேட்கும்போது வாயைத் திறக்காமல் தலையால் பதில் சொல்கிற மனிதர்கள் அந்த நாற்காலியில் வந்து உட்காருவார்கள் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

ஒருவேளை நிஜமாகவே மறுத்திருந்தால்? நான் பார்க்க நினைத்ததைத்தான் பார்த்தேனோ? சந்தேகம் வந்தால் மறுபடி ஓட்டிப் பார்ப்பது அவள் வழக்கம். ஒரு மனிதரை எப்படி மறுபடி ஓட்டுவது? லிம் பேனாவைத் தாளில் வைத்துவிட்டார்.

"சார், லைன் சரியில்ல. எழுத வேணாம். படத்தைச் சரி பண்ணித் தரேன், இன்னொரு வாட்டி கேளுங்க." அந்த அறையில் அவள் ஆங்கிலத்தில் பேசிய முதல் வார்த்தைகள் அவை. லிம் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "சீக்கிரம் லா" என்றார்.

போனை எடுத்துக் கையால் வாயை மறைத்துக்கொண்டு மேரு கிடங்கைக் கூப்பிட்டாள். கிடங்கு ஆள் தம்புசாமி எடுத்தான்.

"அண்ணே, கொஞ்ச நேரத்துக்கு ஆர்டர் பிரிண்ட் ஆகாது."

"மறுபடியுமா? லோரிக்காரனுங்க என்னை சூப்பு வச்சிருவானுங்க லா. பாலா சார் ஓகே சொன்னாரா?"

"கேக்கல."

"அப்ப உன் தலைதான்." குரல் இறங்கியது. "உள்ள யாரு?"

"நாகையா அங்கிள்."

"செத்துஜுவான்னு கேட்டுட்டாங்களா? மலாய்ல அது சம்மதமான்னு கேக்கறதாம். இங்க எங்க காதுல செத்தோமான்னுதான் விழுது." சிரிக்க ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்தினான். "தொற. பிரிண்டர்ல பேப்பர் மாட்டிக்கிச்சுன்னு சொல்லிக்கறேன்."

பூட்டைத் திறந்தாள். திரை ஒருமுறை கலைந்து, பிறகு கழுவிவிட்டதுபோல் தெளிந்தது. நாகையாவின் நரைத்த மீசை தெரிந்தது. சட்டைப் பையில் குத்தியிருந்த தொழிற்சாலை அட்டை அவர் மூச்சுக்கு ஏறி இறங்குவதுகூடத் தெரிந்தது. லிம் மலாயில் மறுபடியும் கேட்டார். ஜொகூர். செத்துஜு?

தலை ஆடியது. இந்த முறை ஆட்டம் முழுசாக வந்தது.

"அது இந்தியர்களுடைய தலையாட்டல், சரின்னு அர்த்தம்" என்று சொல்லிப் புவான் ரொஹானா சிரித்தார். லிம் முன்பு எழுதத் தொடங்கியதை அடித்தார்.

கெர்ட்ரூட்டால் சிரிக்க முடியவில்லை. இப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. சரி என்று ஆடுகிற தலை ஒரு வகை இல்லை. ஒன்று, முகவாய் லேசாக நிமிர்ந்து சட்டென்று ஆடுவது. இன்னொன்று மெல்ல ஒரு பக்கம் சாய்ந்து, அங்கேயே கொஞ்சம் தங்கி, மனமில்லாமல் திரும்பி வருவது. ஞாயிற்றுக்கிழமையும் ரயில்வே வொர்க்ஷாப்புக்கு வரச் சொல்லி ஆள் வந்தால் அப்பா ஆட்டுவது அதுதான். நாகையா ஆட்டியது எது? கண்கள் தாழ்ந்திருந்தன. ஆனால் காமிரா டிவிக்கு மேல் இருக்கிறது. டிவியைப் பார்க்கிற எல்லோருக்குமே இதில் கண் தாழ்ந்துதான் தெரியும். லிம்மும் அங்கே அப்படித்தான் தெரிவார். படம் வந்தால் பதில் வந்துவிடும் என்று நம்பி லைனைத் திறந்துவிட்டாள். படம் வந்துவிட்டது.

"கெர்ட்ரூட், நீயும் இந்தியன்தானே. யெஸ், ஆ?" என்றார் லிம்.

யெஸ் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவருக்கு வேலை நிலைக்கும். கேள்வியும் முடிந்துவிடும். நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"அவரையே கேக்கறேன் சார்." எழுந்து மேசை மைக்கின் பக்கம் வந்தாள். "அங்கிள், நீங்க தலைய ஆட்டறது இங்க புரியல. வாயால சொல்லுங்க."

நாகையா திடுக்கிட்டு அறையைச் சுற்றிப் பார்த்தார். "யாரும்மா அது, தமிழ்ல? எங்க இருக்க?"

லிம்மின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாள். திரையின் மூலையில் இருந்த சின்னக் கட்டத்தில், இரண்டு அதிகாரிகளின் தலைக்கு மேல் பயந்த முகத்தோடு ஒரு பெண் வந்து நின்றாள். அது தான்தான் என்று தெரிய அவளுக்கே கொஞ்சம் நேரம் ஆனது.

"அட, சின்னப் புள்ள." நாகையா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "தமிழ்ல சொல்லலாமா?"

"சொல்லுங்க அங்கிள். நான் இவங்களுக்குச் சொல்றேன்."

"போறேன்னுதாம்மா சொன்னேன். போகாம என்ன பண்றது? ஆனா…"

"என்ன சொல்றார்?" என்றார் லிம்.

"இன்னும் முடிக்கல சார்."

"போறதா, இல்லையா?"

"இன்னும் முடிக்கல."

லிம் நாற்காலியில் சாய்ந்தார். நாகையா உள்ளங்கையால் முகத்தைத் துடைத்தார். எங்கே பார்த்துப் பேசுவது என்று தெரியாமல் தவித்தார். "அங்கிள், டிவிக்கு மேல கறுப்பா ஒண்ணு இருக்கு பாருங்க, அதைப் பாத்துப் பேசுங்க" என்றாள். அவர் தேடினார், கண்டுபிடித்தார். அதைப் பார்த்தால் அவருக்கு இவள் முகம் தெரியாது. ஆனாலும் மெல்ல நிமிர்ந்து, அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் நேராகப் பார்த்தபடி, தலையை ஆட்டாமல், நாகையா வாயைத் திறந்தார்.