யார் கைப் பஸ்தீலா

என்னைப் பாத்திரம் கழுவுகிறவள் என்று சொன்ன வாயாலேயே என் பெயரையும் என் அம்மா பெயரையும் சொல்ல வைக்காமல் விடுவதில்லை என்று நான் முடிவுகட்டி ஆறு மாதம் ஆகியிருந்தது. சொன்னவள் நுஸ்ஹா; 'லல்லா' என்று மரியாதை வைத்துத்தான் அவளைக் கூப்பிடவேண்டும். எங்கள் ஃபெஸ் நகரத்துப் பழைய கோட்டைக்குள், முற்றத்தில் நீரூற்று வைத்த பெரிய வீட்டுக்காரி. சாப்பிடுவதற்கென்றே கூட்டமாக ஊர் சுற்றும் வெளிநாட்டுக்காரர்களுக்கு அவள் வீட்டில்தான் மதியச் சாப்பாடு. சமைப்பது நான், திரைக்குப் பின்னால்.

சமைப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. போன வசந்தத்தில் வந்த கூட்டம் எங்கள் ஊர்க் கறி அடையான பஸ்தீலாவை வழித்துத் தின்றுவிட்டு, இதைச் செய்தவரைப் பார்க்கவேண்டும் என்றது. நுஸ்ஹா கூசாமல் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். "எங்கம்மா சொல்லிக் குடுத்தது" என்று வேறு அளந்தாள். அவள் அம்மாவுக்கு முட்டை அவிக்கத் தெரியாதென்பது சந்து முழுக்கத் தெரியும். நான் திரையை விலக்கி எட்டிப் பார்த்ததும், "அவ பாத்திரம் கழுவுறவ" என்றாள். அந்த மெல்லிய மாவுத்தாளை விரிப்பதும், புறாக்கறியோடு வாதுமை சேர்க்கும் பதமும் என் அம்மா ஸபீஹா எனக்குக் கொடுத்தவை. அவளிடமிருந்து எனக்கு வேறு சொத்து கிடையாது. அதையும் இந்தப் பாவி விழுங்கி ஏப்பம் விட்டாள்.

இலையுதிர் காலத்தில் அடுத்த கூட்டம் வந்தது. ஆறு பேர். அவர்களைக் கூட்டிவந்த பெர்னார், அடுத்த முறை சமையல் வகுப்பும் நடத்தப்போகிறாராம்.

"நாந்தான் சொல்லிக் குடுக்கப்போறேன்" என்று நுஸ்ஹா பீற்றிக்கொண்டாள். "நீ பின்னாலேர்ந்து எடுத்துக் குடு, போதும்."

"ஆகட்டும் லல்லா" என்றேன். இவளை விடக்கூடாது என்று மனதுக்குள் கறுவிக்கொண்டேன்.

பஸ்தீலாவை வேகவைப்பது சந்துமுனைப் பொது அடுப்பில். அங்கிருந்து நுஸ்ஹா வீடு கூப்பிடு தூரம். அன்று நான் தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு, செப்புப் பாத்திரக்காரர் தெருவைச் சுற்றி நடந்தேன். இப்திஸாம் வீட்டு வாசலில் நின்று மூச்சு வாங்கினேன். அவளுக்கு எட்டாம் மாதம். வெண்ணெயும் குங்குமப்பூவும் மணந்ததும் கதவு திறந்தது.

"யாருக்குக்கா இது?"

"நுஸ்ஹா வீட்டு விருந்தாளிங்களுக்கு. தான் செஞ்சதாச் சொல்லுவா."

"நீங்க செஞ்சதையா? அவ நாக்கு அழுகிப்போகாதா?" இப்திஸாம் வயிற்றைத் தடவிக்கொண்டாள். "எனக்கு இப்பவே திங்கணும்போல இருக்கே."

"அப்ப அங்க வந்து கேளு" என்றேன். ஐந்தாம் மாதக்காரி பத்தூலின் வாசலிலும் அப்படியே மூச்சு வாங்கினேன்.

எங்கள் ஊரில் பிள்ளைத்தாய்ச்சி வாசனை பிடித்து வந்துவிட்டால், எப்பேர்ப்பட்ட விருந்தாக இருந்தாலும் பிட்டுக் கொடுத்தாகவேண்டும். ஆசைப்பட்டது கிடைக்காவிட்டால் பிள்ளை உடம்பில் அந்த ஆசை தழும்பாக விழும். பாவம் மறுத்தவள் தலையில். வாயைத் திறந்தால் பொய் சொல்லும் நுஸ்ஹாவும் இந்த ஒன்றுக்கு நடுங்குவாள். அவள் மகளும் அப்போது முழுகாமல் இருந்தாள்.

பஸ்தீலா மேல் சர்க்கரையும் பட்டைப்பொடியும் தூவி நுஸ்ஹா கையில் கொடுத்துவிட்டு, திரை இடுக்கில் கண்ணை வைத்தேன். நுஸ்ஹா "என் கையால" என்று ஆரம்பிக்கும்போதே கதவு தட்டப்பட்டது. இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள்.

"மஹ்ஜூபாக்கா கைப் பஸ்தீலா மணத்துச்சு லல்லா. அதுல ஒரு வாய் வேணும்" என்றாள் இப்திஸாம்.

"இது நான் செஞ்சதும்மா. உக்காருங்க, சாப்பிடுங்க."

நீட்டிய துண்டை இப்திஸாம் வாங்கவில்லை. "அப்ப வேணாம். எனக்கு ஆச வந்தது அவங்க கைக்கு. வேற கைன்னா தீராது."

"எனக்குந்தான்" என்றாள் பத்தூல். "நாளைக்குப் பிள்ள மூஞ்சில ஏதாவது விழுந்தா என்ன பண்றது? உங்க மககூட முழுகாம இருக்கால்ல லல்லா?"

கூட்டத்தோடு வந்த வழிகாட்டி சிஹாம் எங்கள் ஊர்ப் பெண். பெர்னார் கேட்கக் கேட்க, எல்லாவற்றையும் ஒரு வார்த்தை விடாமல் பிரெஞ்சில் சொல்லிக்கொண்டிருந்தாள். நுஸ்ஹா திரைப்பக்கம் திரும்பினாள்.

"மஹ்ஜூபா, இங்க வா."

நான் குழாயைத் திறந்துவிட்டேன். "நான் பாத்திரம் கழுவுறவ லல்லா. கையெல்லாம் சோப்பு."

மறுபடி கூப்பிட்டாள். நான் அசையவில்லை. கடைசியில் அவளே எழுந்து வந்து திரையை விலக்கினாள். "வாடியம்மா. வயித்துப்பிள்ளக்காரிங்க நிக்கிறாங்க" என்று கெஞ்சினாள்.

"யார் கைன்னு அவங்ககிட்டச் சொல்லிடுங்க. வர்றேன்."

"மஹ்ஜூபா கைதான்" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

"யாரு சொல்லிக் குடுத்தது?"

"இவங்கம்மா. ஸபீஹா."

சிஹாம் அதையும் சொன்னாள். ஆறு வெளிநாட்டுக்காரர்களும் என் அம்மா பெயரைக் கோணல்மாணலாகச் சொல்லிப் பார்த்தார்கள். மனசு குளிர்ந்துபோயிற்று, பொய் சொல்லமாட்டேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு முதலில் பிட்டுக் கொடுத்தேன். பிறகு விருந்தாளிகளுக்கு. நுஸ்ஹாவின் பங்கு வரும்போது தட்டில் ஓரத்துப் பொருக்குதான் மிச்சம் இருந்தது.

போகும்போது பெர்னார் சிஹாமை வைத்து என்னிடம் கேட்டார்: வசந்தத்தில் வகுப்பு எடுப்பீர்களா? என் வீட்டில் என்றால் எடுப்பேன், அடுக்களை சின்னது என்றேன். அது போதும் என்றார்.

எல்லோரும் போனபின் நுஸ்ஹா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"அப்ப நான் என்னடி பண்றது?"

இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியை அவிழ்த்து அவள் கையில் கொடுத்தேன்.

"நீங்களும் வகுப்புக்கு வாங்க லல்லா. அத்தன பேர் சாப்பிட்டா பாத்திரம் நெறைய விழும்."