சேர்த்து எழுதவும்

ஆங்கிலம்-தமிழ் அகராதி அச்சிடும் அந்த அலுவலகத்தில் பிழை திருத்துபவளுக்கு 'ஒற்று அக்கா' என்று பெயர். கல்யாணப் பத்திரிகையை நீட்டினாலும் வாழ்த்துவதற்கு முன் விட்டுப்போன ஒற்றைத்தான் தேடுவாள். அந்தக் கை ஒருநாள் சும்மா இருந்திருக்கலாம். மேலாளர் பலகையில் ஒட்டியிருந்த சுற்றறிக்கையில் ஏழு பிழைகளைச் சிவப்பில் சுழித்துவிட்டாள். அலுவலகமே கூடி நின்று சிரித்தது.

மறுநாள் காலை அவள் மேசையில் ஓர் ஆங்கிலக் கடிதம். 'ஃபோர்த்வித்' வேலையை விட்டுப் போகவும். அதாவது, உடனடியாக. பன்னிரண்டு வருஷ வேலை! இதைத் தவிர வேறு வேலை அவளுக்குத் தெரியாது, பிடிக்கவும் பிடிக்காது. கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் கை கேட்கிறதா? மேலாளர் 'ஃபோர்த்' தனி, 'வித்' தனி என்று பிரித்து எழுதியிருந்தார். சிவப்புப் பேனாவை எடுத்து, சேர்க்கச் சொல்லி வளைவு போட்டாள்.

"வேலை போற நேரத்துலயும் திருத்தறீங்களேக்கா!" என்று தலையில் அடித்துக்கொண்டான் எதிர் மேசைக்காரன். சொற்களின் பூர்வீகத்தைத் தோண்டுவது அவன் பிழைப்பு. கடிதத்தை வாங்கிப் படித்தவன் முகம் மலர்ந்தது.

"திருத்தினதை அழிங்க, அழிங்க! அந்தக் காலத்துல இது ரெண்டு சொல்லாத்தான் இருந்துச்சு. 'கூடச் சேர்ந்து'ன்னு அர்த்தம். 'உடனடியா'ங்கறதெல்லாம் அப்புறம் வந்தது."

"நம்ம 'உடன்', 'உடனே' மாதிரியா?" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"அச்சு அசல். அப்போ இந்த ஆர்டர்படி நீங்க தனியாப் போகக் கூடாது." அவன் பையைத் தோளில் மாட்டினான். டைப் அடிக்கும் அண்ணன் கண்ணாடியைக் கழற்றிக் கூட்டில் வைத்தார். படம் வரையும் பெண் பிரஷைக் கழுவிவிட்டு வந்து நின்றாள். ஒற்று அக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

சத்தம் கேட்டு மேலாளர் வெளியே வந்தார். நான்கு பேர் பையும் கையுமாக நிற்பதைக் கண்டு அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அகராதியின் கடைசிப் பகுதி நாளை அச்சுக்குப் போக வேண்டும். எதிர் மேசைக்காரன் பொறுமையாகச் சொல் விளக்கம் சொன்னான்.

"சேர்த்து எழுதிட்டா?" என்றார் மேலாளர், குரல் இறங்கி.

"நான் மட்டும் போவேன் சார்" என்றாள் அவள்.

"பிரிச்சே விட்டுட்டா?"

"எல்லாரும் போவோம்."

அவர் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எழுதாமலே இருந்திருந்தா?"

அவள் மேசைக்கு அடியிலிருந்த குப்பைக்கூடையைக் காலால் மெல்ல அவர் பக்கம் தள்ளினாள்.