சர்ச் பக்கத்து மேடு

எங்கள் ஊர்க் கால்பந்து மைதானம் சர்ச் பக்கம் மேடு, கால்வாய்ப் பக்கம் பள்ளம். பந்தை நடுவில் வைத்தால் தானாகக் கால்வாயைப் பார்த்துக் கிளம்பிவிடும். அந்தச் சரிவை வைத்துத்தான் எங்கள் அணி பிழைத்தது. டாஸ் ஜெயித்தால் முதல் பாதியில் மேட்டைப் பார்த்து ஆடுவோம். இரண்டாம் பாதியில், கால் ஓய்ந்த எதிரணி மூச்சு வாங்க மேடேறும். நாங்கள் சரிவில் இறங்கி கோல் அடிப்போம். வேறு திறமை என்று ஒரு மண்ணும் கிடையாது. என் புருஷன் பார்னிதான் கேப்டன். வருஷக்கணக்காக அவன் மண்டையில் இருந்த ஒரே திட்டமும் அதுதான்.

போன கோடையில் டெஸ்மண்ட் பிரிக்கெட் என்ற ஜன்னல் வியாபாரி கிளப்பை வாங்கித் தலைவரானார். என் டீக்கடை முன்னால் நின்று மைதானத்தைப் பார்த்து மூக்கைச் சுளித்தார்.

"ஆடு மேய்க்கிற இடம் மாதிரி இருக்கு. சமமா இருந்தாத்தானே நாலு பேர் மதிப்பாங்க?"

"அந்த மேடுதான் தலைவரே எங்க பன்னிரண்டாவது ஆளு" என்றேன்.

"நீ டீயை மட்டும் பாரும்மா."

கமிட்டிக் கிழடுகள் அவர் வாங்கிக்கொடுத்த விஸ்கிக்குத் தலையாட்டின. மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்ப ஆட்டக்காரர்களே மண் சுமந்தார்கள். பார்னி தன் கோடை விடுமுறை முழுவதையும் அதில் கொட்டினான், ஏதோ கோயில் கட்டுகிற மாதிரி.

அப்புறம் என்ன, சொந்த மைதானத்திலேயே வாராவாரம் உதை. ஏப்ரலில் கடைசி ஆட்டம். டிரா செய்தால் தப்பிக்கலாம். "கீழ் டிவிஷனுக்கு இறங்கினா கிளப்பை மூடிடுவேன்" என்று பிரிக்கெட் அறிவித்திருந்தார். இந்த வயதில் பார்னியை வேறு எவன் சேர்ப்பான்? அந்த வாரம் அவன் சரியாகச் சாப்பிடவே இல்லை.

சர்ச் பக்கமிருந்து பேய்க்காற்று. டாஸ் ஜெயித்த பார்னி தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"முதல்ல சர்ச் பக்கம் அடிக்கிறோம்."

"யோவ் மடையா! மேடு எங்கய்யா இருக்கு? காத்தைப் பாருய்யா!" என்று கடையிலிருந்து கத்தினேன். பழக்கதோஷம், காதில் ஏறவில்லை.

எங்கள் கோல்கீப்பர் உதைத்த பந்து காற்றில் அவனிடமே திரும்பி வந்தது. மூன்று கோல் வாங்கினோம். இடைவேளையில் காற்று அடங்கிவிட்டது. பார்னி டீ குடிக்க வந்தான். முகத்தில் அப்படி ஒரு தெளிவு.

"கவலைப்படாதடி. இனிமே நமக்கு இறக்கம்."

திட்ட வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.

தோற்றோம். திங்கட்கிழமை கடையைக் காலி செய்யப் போனால், மைதானத்தில் மஞ்சள் சட்டைக்காரர்கள் இருவர் முக்காலியில் கருவி வைத்து அளந்துகொண்டிருந்தார்கள். பக்கத்தில் பிரிக்கெட்.

"நல்லா சமமா இருக்கு சார். உடனே வீடு கட்ட ஆரம்பிச்சிடலாம்" என்றான் ஒருவன். "இதுக்கே பெரிய செலவாகியிருக்குமே?"

"செலவா?" பிரிக்கெட் சிரித்தார். "பசங்க சும்மாவே செஞ்சு குடுத்தாங்கப்பா."