இரட்டை முடிச்சுப் பை

சூப்பர் மார்க்கெட்டின் பின்சந்தில் நிற்கும் குப்பைத்தொட்டியை நம்பித்தான் மூன்று வருடமாக எங்கள் பிழைப்பு. மதியம் ஆள் நடமாட்டம் குறைந்ததும் தம்பி மூடியைத் தூக்கிப் பிடிப்பான், நான் உள்ளே இறங்குவேன். ரொட்டியும் பழமும் வீட்டுக்கு. ஓடவில்லை என்று கடைக்குத் திரும்பி வந்த கெட்டில், லேப்டாப் எல்லாவற்றையும் சரி செய்து விற்பேன்.

குப்பைக்கென்று ஒரு லட்சணம் உண்டு. எல்லாம் கலந்துதான் வரும். தயிர்மேல் முட்டை உடைந்து வழியும். லேப்டாப் கிடந்தால் சார்ஜர் கிடக்காது. ஆனால் ஒருநாள் ஒரு வெள்ளைப் பை வந்தது. இரட்டை முடிச்சு. உள்ளே துடைத்து அடுக்கிய ஆறு தயிர்க் கப், ஒரு லேப்டாப், ரப்பர் பேண்ட் போட்டுச் சுருட்டிய சார்ஜர்.

"லக்குதான் போ!" என்று தம்பி குதித்தான்.

"லக்காம் லக்கு! குப்பைய எவன்டா துடைச்சுப் போடுவான்? நம்மள மாட்டிவிடப் பாக்குறாங்க."

ஊசி குத்திய தடம் இருக்கிறதா என்று ஒவ்வொரு கப்பையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். லேப்டாப் கேமராமேல் டேப் ஒட்டினேன். கடையின் பின் ஜன்னலில் ஒரு நிழல் நகர்ந்தது. பையை அள்ளிக்கொண்டு தம்பியோடு வீட்டுக்கு ஓடினேன்.

"தயிரத் தொட்ட, கைய உடைப்பேன்" என்று சொல்லிவைத்தேன். மறுநாள் காலை தம்பி வாந்தி எடுத்துச் சுருண்டு கிடந்தான். எனக்குத் தலைக்கேறிவிட்டது. காலிக் கப்புகளை அதே பையில் அள்ளிக்கொண்டு, முதன்முறையாகக் கடையின் முன்வாசல் வழியாக நுழைந்தேன்.

"என் தம்பிக்கு என்னய்யா விஷத்தக் கலந்து வச்சீங்க?"

வாடிக்கையாளர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மேனேஜர் பதறிப்போய், தயிர்ப் பகுதியைப் பார்த்துக்கொள்பவளைக் கூப்பிட்டார். என் வயதுதான் இருக்கும். பையைப் பார்த்ததும் அவள் முகம் செத்துப்போனது.

"நேத்தோட தேதி முடிஞ்சது சார், கெட்டுப்போகல. இவங்க அழுகலுக்குள்ள கையவிட்டுத் துழாவுறத ஜன்னல்ல பாத்தேன். மனசு கேக்கல. அதான் தனியா கட்டி வச்சேன்."

"கழுத்துல இருக்குற அட்டையக் கழட்டிக் குடு" என்றார் மேனேஜர்.

"சார், தெரியாம சொல்லிட்டேன், விட்ருங்க" என்றேன்.

"விஷம்னு கத்தினது நீதானம்மா?"

அவள் அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

வீட்டில் தம்பி போர்வைக்குள்ளிருந்து முனகினான். "ஆறையும் ஒரே மூச்சுல தின்னுட்டேன்க்கா." முதுகில் ஒன்று வைத்தேன். அந்த அடி எனக்கு விழுந்திருக்க வேண்டியது. ஒருத்தி வேலையில் மண்ணள்ளிப் போட்டது என் சந்தேகம்தானே?

அடுத்த வாரம் நாங்கள் போனபோது தொட்டிப் பக்கத்தில் யாரோ நின்றிருந்தார்கள். அவள்தான். திரும்பி ஓடிவிடலாமா என்றிருந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. வாய்க்கு வந்தபடி திட்டுவாள், வாங்கிக்கொள்ளலாம் என்று தலையைக் குனிந்து நின்றேன்.

அவள் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"செருப்போட எறங்கணுமா, கழட்டிட்டா?"