எந்த ஊர்?

வெள்ளைக்காரன் ஆண்ட சிலாங்கூரில், பிரிக்பீல்ட்ஸ் தமிழர் சங்கத்துக்கும் கிள்ளான் தமிழர் சங்கத்துக்கும் அந்த வருஷம் பேச்சுவார்த்தையே கிடையாது. சிங்கப்பூரில் கட்டுகிற கடற்படைத் தளத்துக்குச் சிலாங்கூர்ப் பணம் போகலாமா கூடாதா என்று முதலில் முட்டிக்கொண்டார்கள். துறைமுகத்தை நம்பிப் பிழைக்கும் கிள்ளான் வியாபாரிகள் போகட்டும் என்றார்கள். ரயில்வே பட்டறையில் வேலை பறிபோன பிரிக்பீல்ட்ஸ்காரர்கள், எங்கள் வயிற்றில் அடித்துப் பீரங்கி வாங்குவதா என்று கொதித்தார்கள். அப்புறம் சட்டசபையில் தமிழர்களுக்காகப் பேச யாரை நியமிப்பது என்பதில் ஒரு சண்டை. ரப்பர் விலை படுத்துப் போலீஸிலும் ஆட்குறைப்பு வந்தது. கள்ளர்களுக்கு மட்டும் ஆட்குறைப்பு வரவில்லை. கொள்ளை பெருகியதும், கள்ளன் எந்த ஊர்க்காரன் என்று அடுத்த சண்டை பிறந்தது.

இதில் எதுவும் மாரியாயிக்கு வேண்டியதில்லை. அவளுக்கு வேண்டியது அவள் புருஷன் சின்னையா.

பட்டறை வேலை போனபின் சின்னையா தினமும் வேலை தேடி அலைந்தான். ஒரு மாலை, கொள்ளை போன அடகுக்கடைக்குப் பக்கத்துச் சந்தில் பீடி பற்ற வைக்க நின்றானாம். போலீஸ் அள்ளிக்கொண்டு போய்விட்டது. அவன் திருடியதைப் பார்த்த சாட்சி ஒருவரும் இல்லை. சாட்சி இல்லாததால் வழக்கும் இல்லை. வழக்குப் போட முடியாத ஆளை என்ன செய்வது? சந்தேகம் என்று சொல்லி நாடு கடத்தலாம். அதற்குத்தான் விசாரணை.

விசாரணை நாளன்று மாரியாயி வயிற்றுச் சுமையோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வெள்ளைக்கார அதிகாரி, இவன் எங்கே பிறந்தவன் என்று இங்கிலீஷில் கேட்டார். துபாஷி ராதாகிருஷ்ணன் சின்னையாவிடம் திரும்பினார். கெட்டவர் இல்லை. தமிழர்கள் தமிழர்களைக் கேட்பதுபோலத்தான் கேட்டார்.

"ஒனக்கு எந்த ஊருப்பா?"

"முசிறிங்க."

"இந்தியா" என்றார் துபாஷி, அதிகாரியிடம்.

சின்னையா முசிறியைக் கண்ணால் கண்டதில்லை. அவன் பிறந்தது கிள்ளானில், ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், கூலிகளின் வரிசை வீடுகளில் ஒன்றில். முசிறி அவன் அப்பாவின் ஊர். கேட்டால் அதைத்தான் சொல்ல வேண்டும் என்று பேசத் தொடங்கிய நாளிலிருந்து பழக்கம். கேட்டுக்கொண்டிருந்த மாரியாயிக்கும் அதில் தவறு ஒன்றும் தோன்றவில்லை. சரியாகத்தான் சொன்னார் என்று நினைத்துக்கொண்டாள், பாவி.

வெளியே வந்தபின் துபாஷி எதற்கோ பேச்சுக் கொடுக்கப்போய்த்தான் சின்னையா கிள்ளானில் பிறந்த விஷயம் அவருக்குத் தெரிந்தது. அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இங்க பொறந்தவன கப்பலேத்த முடியாதும்மா! வாய் தவறிச் சொன்னான்னு இப்ப நான் போய்ச் சொன்னா தொரை நம்பமாட்டாரு. அவன் பொறந்தது தெரிஞ்ச பெரிய மனுசன் யாராச்சும் வந்து சொல்லணும். சீக்கிரம் போ."

முதலில் பிரிக்பீல்ட்ஸ் சங்கத்துக்குப் போனாள். காரியதரிசி விஜயன், கொள்ளைக்காரன் கிள்ளான்காரன்தான் என்று மேடைக்கு மேடை முழங்கியவர்.

"அதையே தொரைகிட்ட வந்து சொல்லுங்கண்ணே. கிள்ளான்ல பொறந்தவர்னு ஒரு வார்த்த."

"அவன் பொறந்தத நான் பாத்தேனா? கூட்டத்துல பேசறது வேற, சத்தியம் பண்றது வேறலா. நீ கிள்ளானுக்கே போயிப் பாரு."

கிள்ளானில் சங்கத் தலைவர் சோமசுந்தரம் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே மளிகைக்கடை வைத்திருந்தவர். அவளைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். மோர் கொடுக்கச் சொன்னார். அதுவே அவளுக்குப் பாதி நிம்மதியாக இருந்தது.

"சின்னையாவத் தெரியாதா? அவன் பொறந்தப்ப அவங்கப்பன் என் கடையிலதான் சக்கர வாங்கினான். லயம் பூரா குடுத்தான்."

"அத வந்து சொன்னாப் போதும் மொதலாளி."

அவர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். அவள் கண்ணைப் பார்க்கவில்லை.

"போன வாரந்தான் தொரைக்கு மனு குடுத்தோம். திருட்டுப் பயலுவ எல்லாம் பிரிக்பீல்ட்ஸ்லேருந்து ரயிலேறி வரானுவ, கிள்ளான்காரன் ஒருத்தன்கூட இல்லன்னு. மொதக் கையெழுத்து என்னோடது. இப்ப நானே போயி இவன் எங்க ஊரு புள்ளன்னு சொன்னா, கிள்ளான் பேரு என்னத்துக்கு ஆவும்? நம்மாள ஒருத்தர சபையில போடப்போற நேரம்மா இது."

கிள்ளான் பெயருக்காக இத்தனை உருகிய சோமசுந்தரம் பிறந்தது குளித்தலையில். முசிறிக்கு நேர் எதிரே, ஆற்றுக்கு அக்கரை. மாரியாயி அவர் காலில் விழுந்தாள். அவர் காலை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். மோர் குடிக்காமல் அப்படியே இருந்தது.

சின்னையாவை நாடு கடத்தும் கப்பல் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் புறப்படத் தயாராக நின்றது. நிறைமாதக்காரி கூடப் போக வழியில்லை. கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அவன் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். அவன் அழவில்லை. திகைத்துப்போயிருந்தான்.

"மாரி, நாகப்பட்டணத்துல எறங்கி முசிறிக்கு எப்படிப் போறது?"

"எனக்கென்னங்க தெரியும்?"

"அங்க யாரு இருக்கான்னுகூட அப்பா சொன்னதில்ல. எந்த ஊருன்னு கேட்டா என்ன சொல்றது? முசிறியில போயி முசிறின்னு சொன்னா சிரிப்பாங்கல்ல." விரல்களை விடாமல் இன்னும் கிட்டே வந்தான். "புள்ள பொறந்தா ஒண்ணு மட்டும் சொல்லிக் குடு. யாரு கேட்டாலும் பிரிக்பீல்ட்ஸ்னு சொல்லணும். மறந்துடாத."

"மறக்கமாட்டேங்க. சாமி சத்தியமா."

போலீஸ்காரன் அவனைத் தோளில் கை வைத்துத் திருப்பினான். கூட்டத்தில் அவன் தலை தெரிகிற வரைக்கும் அவள் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

திரும்பும் ரயிலில் எதிரே ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். மாரியாயியின் வயிற்றையும் வீங்கிய கண்களையும் பார்த்து மனம் இளகி, தன் பையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"சாப்பிடும்மா. வாயும் வயிறுமா இருக்க, அழக்கூடாது. எந்த ஊரு ஒனக்கு?"

"லால்குடிங்க" என்றாள் மாரியாயி.

சொன்ன பிறகுதான் அவள் காதில் விழுந்தது. பழம் கையிலிருந்து நழுவியது. இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். லால்குடியை அவளும் பார்த்ததில்லை.